பாரில் விழுந்ததாகச் சொல்லப்படும் ஒரு குத்து

சங்காட் புக்கிட் பிந்தாங்கில் ஒரு டத்தோவை ராணுவக்காரர் ஒருவர் ஒரே குத்தில் சாய்த்துவிட்டார். ஜோர்ஜ்டவுன் லவ் லேனில் ஒரு ஒய்பி (மக்கள் பிரதிநிதி) வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் விடிவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிடும். சொன்னவர் நேரில் பார்த்தாரா, அடிபட்டவரின் முகம் மறுநாள் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அடித்தவர் சீருடைக்காரர் என்றால் அவர் பக்கம் மரியாதை தானாக வந்து சேருகிறது. அடிபட்டவர் பிரபலம் என்றால் அவருக்கு வேண்டியதுதான் என்ற எண்ணமும் கூடவே வருகிறது. இந்த இரண்டையும் ஒதுக்கிவைத்தால்தான் நடந்ததைப் பார்க்க முடியும்.

இந்த வகைச் சண்டைக்கு விரிவாக ஆவணப்படுத்தப்பட்ட ஓர் உதாரணம், அமெரிக்காவில் ஜெஸ்ஸி வெஞ்சுராவுக்கும் கிறிஸ் கைலுக்கும் இடையிலான வழக்கு. அதை வைத்துக்கொண்டு, இதே சம்பவம் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ நடந்தால் எந்தச் சான்று நிற்கும், எது விழும், நம் மலேசியச் சட்டம் எங்கே வேறுபடுகிறது என்று எழுதுகிறேன். நம்மவர்கள் பலர் அமெரிக்க வழக்குச் செய்திகளைப் படித்துவிட்டு அதே விதி இங்கேயும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு விலை கொடுக்க வைக்கும்.

எண்பதுகளில் மல்யுத்தம் பார்த்தவர்களுக்கு வெஞ்சுராவைத் தெரிந்திருக்கும். மல்யுத்த வீரர், பிறகு வர்ணனையாளர், நடிகர், 1999 முதல் 2003 வரை மின்னசோட்டா மாநில ஆளுநர். அதற்கெல்லாம் முன்பு, வியட்நாம் போர்க் காலத்தில், அமெரிக்கக் கடற்படையின் நீருக்கடி அழிப்புப் படையில் இருந்தவர். அதே கடற்படையின் இன்றைய சிறப்புப் படையான சீல் படையினர் அந்தப் படையின் வாரிசுகள். கைல் இராக்கில் போரிட்ட சீல் படைத் துப்பாக்கி வீரர். 2012 ஜனவரியில் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. அதில் ஒரு சிறு பகுதி: 2006 அக்டோபரில் கலிபோர்னியாவின் கோரனாடோவில் ஒரு பாரில், ரமாடியில் செப்டம்பர் 29 அன்று உயிரிழந்த மைக்கேல் மோன்சூர் என்ற சக வீரருக்காக நண்பர்கள் கூடியிருந்தார்கள். அங்கே வந்த ஒரு பழைய படைவீரர் போரையும் வீரர்களையும் இழிவாகப் பேசினார், உங்களில் சிலர் சாகத்தான் வேண்டும் என்ற பொருளில் ஏதோ சொன்னார், நான் குத்தினேன், அவர் விழுந்தார். புத்தகத்தில் பெயர் இல்லை, ஒரு பட்டப்பெயர்தான். பிறகு ஒரு வானொலி நிகழ்ச்சியில் கேட்டபோது அது வெஞ்சுராதான் என்று கைல் சொல்லிவிட்டார். தொலைக்காட்சியிலும் சொன்னார்.

வெஞ்சுராவின் பதில் முழு மறுப்பு. அன்றிரவு அந்த பாருக்குப் போனது உண்மை. வாக்குவாதமும் இல்லை, அந்தப் பேச்சும் இல்லை, குத்தும் இல்லை. அதே மாதம் வழக்குத் தொடுத்தார். 2013 பிப்ரவரி 2 அன்று கைல் டெக்சசில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு தொடர்ந்தது. அவருடைய சொத்தை நிர்வகிக்கும் மனைவி பிரதிவாதியாக்கப்பட்டார். 2014 ஜூலையில் செயின்ட் பால் கூட்டரசு நீதிமன்றத்தில் 10 பேர் கொண்ட ஜூரி முன் விசாரணை நடந்தது. ஒருமித்த முடிவு வராததால், ஒருமனதாக இல்லாத தீர்ப்பையும் ஏற்கிறோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. 8க்கு 2 என்று வெஞ்சுரா பக்கம் தீர்ப்பானது: அவதூறுக்கு 5 லட்சம் டாலர், புத்தகத்தால் நியாயமற்ற முறையில் கிடைத்த ஆதாயம் என்று 13 லட்சத்து 45 ஆயிரம் டாலர்.

அதோடு முடியவில்லை. 2016 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆதாயத் தொகையை முற்றாக நீக்கியது. அவதூறுத் தொகையையும் ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. குத்து விழுந்ததா இல்லையா என்று அந்த நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. வெஞ்சுராவின் வக்கீல்கள் பதிப்பக சாட்சிகளிடம் காப்பீட்டைப் பற்றிக் கேட்டதும், பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும் என்கிற தோரணையில் இறுதி வாதத்தில் பேசியதும் ஜூரியின் மனத்தைக் கெடுத்திருக்கும் என்பதுதான் காரணம். மறுவிசாரணை நடக்கவே இல்லை. பதிப்பகத்தின் மீது வெஞ்சுரா தனியாகப் போட்டிருந்த வழக்கு 2017 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. ஆகவே "கைல் பொய் சொன்னது நிரூபணம்" என்று எழுதுவதும் தவறு, "மேல்முறையீட்டில் கைல் சொன்னது உண்மை என்று ஆனது" என்று எழுதுவதும் தவறு. இரண்டையும் தமிழில் உறுதியாக எழுதுகிறார்கள். இரண்டுக்கும் தீர்ப்பில் இடமில்லை.

இந்த வழக்கிலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது, கதையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் பழக்கம். அவர் அங்கே இருந்தாரா? பேச்சு நடந்ததா? அந்தக் குறிப்பிட்ட வார்த்தைகளைச் சொன்னாரா? கை ஓங்கப்பட்டதா? பட்டதா? விழுந்தாரா? மறுநாள் கண் வீங்கியிருந்ததா? ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும். "அவர் அங்கே இருந்தார், இதோ படம்" என்பது முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். அந்த ஒரு பதிலை வைத்து மற்ற ஆறையும் நம்ப வைப்பதுதான் இந்த மாதிரிக் கதைகள் ஓடும் விதம்.

அடுத்தது, மானத்தைக் குலைப்பது எந்தத் துண்டு என்று பார்ப்பது. ஒருவர் அடி வாங்கினார் என்பது அவமானம், ஆனால் பெரிய மானக்கேடு இல்லை. வெஞ்சுராவை உண்மையில் தாக்கியது அவர் வாயில் வைக்கப்பட்ட வார்த்தைகள்: இறந்த வீரரின் நினைவுக்காகக் கூடியவர்களிடம், உங்களில் சிலர் சாக வேண்டும் என்றார் என்பது. முன்னாள் படைவீரர் ஒருவருக்கு அந்த வட்டாரத்தில் அதற்குப் பிறகு முகம் கிடையாது. ஆக, கதை சொல்பவர் குத்தை மட்டும் நிரூபித்தால் போதாது. அந்தப் பேச்சை நிரூபிக்க வேண்டும். பேச்சுக்குத்தான் எப்போதும் சான்று குறைவு. பாரின் சத்தத்தில் சிசிடிவிக்குப் பெரும்பாலும் காது கிடையாது.

இனி உடம்பு சொல்லும் சான்று. கண்ணைச் சுற்றி ஒரு பலமான குத்து விழுந்தால் சில மணி நேரத்தில் வீக்கமும் நிறமும் வரும். முதல் 24 முதல் 48 மணி நேரத்தில்தான் அது மோசமாகத் தெரியும். பிறகு நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சுமார் 2 வாரத்தில் மறையும். அடிபட்ட அன்று இரவே எடுத்த படத்தில் பளிச்சென்று மஞ்சள் நிறக் காயம் இருந்தால் அது பழைய காயம். முதல் 18 மணி நேரத்துக்குள் மஞ்சள் வருவதில்லை என்பது தடயவியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவு. வெஞ்சுரா வழக்கில் மறுநாள் நிகழ்ச்சியில் எடுத்த படங்கள் காட்டப்பட்டன. முகத்தில் காயம் தெரியவில்லை என்பதும், ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவருக்குக் காயம் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர் தரப்பு வாதம். மருந்துச் சீட்டு இவ்வளவு பெரிய சான்றாகும் என்று அடிதடி வழக்கில் யாரும் முதலில் யோசிப்பதில்லை.

அடிபட்டவர் செய்ய வேண்டியது இது. முகம் முழுவதும் தெரிய நேராக ஒரு படம், இடமும் வலமும் ஒவ்வொன்று, காயத்தின் அருகில் ஓர் அளவுகோலை வைத்து ஒன்று. பகல் வெளிச்சம், ஃபில்டர் கூடாது, அழகு பயன்முறை கண்டிப்பாக அணைத்திருக்க வேண்டும். பல கைப்பேசிகளில் அது தானாகவே இயங்கிக் காயத்தை மெழுகிவிடும். இதையே 5 நாளுக்குத் தினமும் ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும். ஒரே ஒரு படத்தை மேக்கப் என்று மறுக்கலாம். நாளுக்கு நாள் நிறம் மாறும் வரிசையை மறுப்பது கடினம். அடிபடாதவர், பொய்யாகப் பேர் கெட்டவர், அவரும் இதையே செய்ய வேண்டும். வதந்தி காதுக்கு வந்த அன்றே காயமில்லாத முகத்தைத் தேதியோடு பதிவு செய்து, முடிந்தால் ஒரு கிளினிக்கில் காட்டி மருத்துவரின் குறிப்பை வாங்கி வைக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து எடுத்த தெளிவான முகத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

குத்தியவரின் கையும் பேசும். எலும்பில் மோதும் மூடிய கையில் சுண்டு விரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கை எலும்பு உடைவது வழக்கம். அதற்கு பாக்சர் முறிவு என்றே பெயர். பல்லில் பட்டு விரல் முட்டி கிழிந்திருந்தால் அதைச் சின்னக் கீறல் என்று விடக் கூடாது. வாயிலிருக்கும் கிருமி மூட்டுக்குள் போய்விடும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். மருத்துவமனையில் நன்றாகக் கழுவி ஆன்டிபயாடிக் தர வேண்டும், உடனே தைத்து மூடுவது பெரும்பாலும் சரியில்லை. சிகிச்சைக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லும் காரணம் அட்டையில் எழுதப்படும். "கதவில் இடித்துக்கொண்டேன்" என்று அங்கே சொல்லிவிட்டு, பிறகு ஊருக்கு வீரக் கதை சொன்னால் அந்த அட்டை நீதிமன்றத்துக்கு வரும்.

எக்ஸ்ரேயைத் தள்ளிப் போடவே கூடாது. காரணம் சட்டத்தில் இருக்கிறது. சாதாரண காயத்துக்குக் குற்றவியல் சட்டத்தின் 323ஆவது பிரிவு: அதிகபட்சம் 1 ஆண்டு சிறை, அல்லது 2,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும். மூக்கெலும்பு உடைந்திருந்தாலோ பல் பெயர்ந்திருந்தாலோ அது 320ஆவது பிரிவு சொல்லும் கடும் காயம். 325ஆவது பிரிவுக்கு, 7 ஆண்டு வரைக்கும் அபராதத்துக்கும், வழி திறக்கிறது. பீர் பாட்டிலோ உடைந்த கிளாசோ கையிலிருந்தால் 324. அதற்கு 10 ஆண்டு வரை போகலாம். ஒரே சண்டை, மூன்று வேறு வழக்குகள். வித்தியாசம் ஒரு எக்ஸ்ரே தாளிலும் தரையிலிருந்து பொறுக்கி வைத்த கண்ணாடித் துண்டிலும் இருக்கிறது.

323க்கும் மற்றவற்றுக்கும் இன்னொரு பெரிய இடைவெளி உண்டு. 323 வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக் குற்றம். அரசுத் தரப்பு வழக்கறிஞரின் விசாரணை உத்தரவு இல்லாமல் போலீஸ் முழு விசாரணையில் இறங்காது. பல நேரம் புகார்தாரரை மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்லி அனுப்புவதோடு நின்றுவிடும். "பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை, பெரிய மனிதர் என்பதால் மூடிவிட்டார்கள்" என்று நம் மக்கள் சொல்லும் புகார்களில் கணிசமானவற்றின் பின்னால் இந்தச் சாதாரண விதிதான் நிற்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவில் உண்டு. ரிப்போர்ட் போட்டு 4 வாரம் கழித்துக் கேட்கலாம், 2 வாரத்துக்குள் பதில் தர வேண்டும், வராவிட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். ஆனால் வாரண்டு இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்குத்தான் அந்தக் கடமை போலீசுக்கு உண்டு. எந்தப் பிரிவில் புகார் வகைப்படுத்தப்பட்டது என்று முதலில் கேட்பது அதனால்தான் அவசியம்.

ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் போடலாம். சங்காட் என்றால் பிறகு டாங் வாங்கி மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்குப் போகும், ஜோர்ஜ்டவுன் என்றால் தீமோர் லாவுட் தலைமையகத்துக்கு. அடித்தவர் ராணுவக்காரர் என்றால் அது முகாமின் உள்விவகாரம், போலீசுக்கு வேலையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு ராணுவப் படைச் சட்டத்தின் கீழ் அவர் மேல் தனியாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படலாம், பொதுமக்களுக்கான நீதிமன்றமும் அவரை விசாரிக்கலாம். லூமுட்டோ பட்டர்வொர்த்தோ, முகாம் எங்கே இருந்தாலும் இதில் மாற்றமில்லை. போலீஸ் ரிப்போர்ட்டின் நகலோடு அவருடைய பிரிவின் தலைமை அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம்.

ரிப்போர்ட்டில் எழுதப்படும் வரிகள்தான் பின்னால் குறுக்கு விசாரணையில் திருப்பிப் படிக்கப்படும். மலாயில் தட்டச்சு செய்வதை வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. புரியாவிட்டால் கூட வந்தவரைப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும். நேரம், நின்ற இடம், எந்தக் கை, எத்தனை அடி, சுற்றி யார், சொல்லப்பட்ட வார்த்தைகள் அதே மொழியில், நீங்கள் என்ன செய்தீர்கள். கடைசியாகச் சொன்னதை மறைப்பவர்கள் அதிகம். நீங்கள் முதலில் தள்ளியிருந்தால் அதையும் சொல்லுங்கள். கேமரா அதைச் சொல்லும் போது உங்கள் மற்ற வரிகளும் சேர்ந்து விழும். பிறகு சமாதானம் ஆக வேண்டும் என்றாலும் 323 சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம்தான், அடிபட்டவர் ஒப்புக்கொண்டால் முடியும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும்.

கேமரா விஷயத்தில்தான் பெரும்பாலோர் காலத்தைக் கோட்டை விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 2 மெகாபிட் என்று பதிவாகும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எடுக்கும். 8 கேமரா என்றால் சுமார் 173 ஜிபி. பதிவுப் பெட்டிக்குள் 1 டெராபைட் டிஸ்க்தான் என்றால் 6 நாளுக்குள் நிரம்பி, பழையதன் மேல் புதியது ஏறத் தொடங்கும். 2 டெராபைட் என்றால் 11 நாள் சொச்சம். அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்திருந்தால் கொஞ்சம் நீளும். ஆனால் வெள்ளி, சனி இரவு பாரில் அசைவு நிற்பதே இல்லை. "அடுத்த வாரம் லாயரைப் பார்த்துவிட்டு" என்பவருக்குப் பெட்டியில் எதுவும் மிஞ்சியிருக்காது.

மறுநாளே செய்ய வேண்டியது: பார் நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தெந்தக் கேமரா (உள்ளே, வாசல், கார் நிறுத்துமிடம்), அதை அழிக்காமல் பத்திரப்படுத்தும்படி கேட்டு, நகலில் அவர்களுடைய முத்திரையையும் பெற்றவர் கையெழுத்தையும் வாங்க வேண்டும். பதிவை உங்கள் கையில் தர மாட்டார்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுவார்கள், அதில் தவறில்லை. உங்களுக்கு வேண்டியது அது அழியாமல் இருப்பது. எடுப்பதற்குப் போலீசுக்கு அதிகாரம் உண்டு, வழக்குக்கு முன்பே ஆவணம் கேட்டு உயர்நீதிமன்றத்தை அணுகவும் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் வழி உண்டு. பக்கத்துக் கடைகளுக்கும் இதே கடிதத்தைக் கொடுங்கள். சண்டை உள்ளே தொடங்கி கடை வாசல் ஐந்தடிப் பாதையில் முடிவதுதான் வழக்கம், அந்தப் பாதையைப் பார்ப்பது எதிர் மாமாக் உணவுக் கடையின் கேமராவாக இருக்கும்.

பதிவை எடுப்பவர் செய்யும் கெடுதல் மூன்று வகை. பெட்டியின் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து அதுதான் ஆதாரம் என்பது முதலாவது. மூலக் கோப்பை அப்படியே நகலெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது அடுத்தது. அது சுருக்கிவிடும், தேதி விவரம் போய்விடும். தவிர்க்கவே முடியாவிட்டால் ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். மூன்றாவது கடிகாரம். இணையத்தோடு இணைக்காத பெட்டிகள் பல நிமிடம் முன்னோ பின்னோ ஓடும். எடுக்கும்போதே பெட்டியின் நேரத்தையும் கைப்பேசியின் நேரத்தையும் ஒரே படத்தில் பதிவு செய்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இதைச் செய்யாததால், கிராப் வாடகைக் கார் ரசீதில் 11.40க்குக் கிளம்பியவர் கேமராவில் 11.52க்கு அடி வாங்கும் குழப்பம் வருகிறது. சாட்சியச் சட்டம் 90ஏ பிரிவின்படி, அந்தக் கருவியைப் பராமரிக்கும் பொறுப்பிலிருப்பவரின் சான்றிதழோ வாய்மொழி சாட்சியமோ இருந்தால் பதிவு ஏற்கப்படும். ஆகவே அந்தப் பொறுப்பாளரின் பதவியையும் அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். பார்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

விநாடிக்கு 10 பிரேம் பதியும் கேமராவில் ஒரு குத்து இரண்டு மூன்று பிரேமில் முடிந்துவிடும். அகச்சிவப்பு விளக்கில் கறுப்பு வெள்ளையாக, முதுகுப் பக்கம் மட்டும் தெரியும். அப்போது குத்தைத் தேடாதீர்கள். சுற்றியிருப்பவர்கள் தலை திரும்புகிறதா, பவுன்சர் ஓடுகிறாரா, நாற்காலி விழுகிறதா, குத்தியவராகச் சொல்லப்படுபவர் எத்தனை மணிக்கு, எந்த வேகத்தில் வெளியேறுகிறார் என்று பாருங்கள். ஒரு பிரபலம் தரையில் விழுந்தும் பத்தடி தள்ளி இருப்பவர் தன் கிளாசைக் குடித்துக்கொண்டே இருந்தால், விழவில்லை என்பதற்கு அது பலமான குறி. பில் இயந்திரத்தின் நேரம், டச் என் கோ மின்பணப்பைக் கணக்கு, பவுன்சர்களின் குறிப்பேடு, இவையும் உதவும்.

சாட்சிகள் பற்றி ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை சான்றாகாது. கைல் தரப்பில் சீல் நண்பர்கள் பலர் வந்து ஏதோ நடந்தது என்று சாட்சி சொன்னார்கள். வெஞ்சுராவின் வக்கீல்கள் அவர்கள் சொன்ன விவரங்களுக்கு இடையே உள்ள முரண்பாடுகளை அடுக்கினார்கள். யார் குத்தைக் கண்ணால் பார்த்தார், யார் சத்தம் கேட்டுத் திரும்பினார், யார் பிறகு கேள்விப்பட்டார் என்று பிரித்தபோது கூட்டம் சிறுத்துப் போனது. ஒரே பிரிவில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல்கூட ஒரே கதைக்கு வந்து சேர முடியும். வருடக்கணக்காக ஒன்றாக உட்கார்ந்து அதே இரவைப் பேசினால் கேட்டது பார்த்ததாகிவிடும். அதனால் சாட்சி ஒவ்வொருவரும் மற்றவரிடம் பேசுவதற்கு முன், தனியாக, அந்த 24 மணி நேரத்துக்குள், கையால் எழுதித் தேதி போட வேண்டும்: எங்கே உட்கார்ந்தேன், எத்தனை அடி தூரம், நடுவில் யார், எத்தனை கிளாஸ் குடித்திருந்தேன், கண்ணால் பார்த்தது எது, பிறகு கேட்டது எது. குடித்த கணக்கைச் சொல்ல வெட்கப்படும் சாட்சி குறுக்கு விசாரணையில் தாங்க மாட்டார்.

இப்போது கதை சொல்பவரின் பக்கம் வருவோம். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த விதிப்படி, பொதுப் பிரமுகர் வழக்குப் போட்டால் அவர்தான் மலையை ஏற வேண்டும்: சொன்னது பொய், சொன்னவருக்கு அது பொய் என்று தெரியும் அல்லது உண்மையா என்று பொருட்படுத்தவில்லை என்று தெளிவான சான்றோடு காட்ட வேண்டும். மலேசியாவில் அந்த விதி இல்லை. வழக்குப் போடுபவர் மூன்றைக் காட்டினால் போதும்: வார்த்தைகள் மானத்தைக் கெடுப்பவை, அவை தன்னைக் குறிக்கின்றன, மூன்றாவது ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தன. சொன்னது பொய் என்றே சட்டம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். உண்மை என்று நிரூபிக்கும் சுமை சொன்னவர் தலையில். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் 8ஆவது பிரிவு, எல்லா விவரமும் நிரூபணமாக வேண்டியதில்லை என்கிறது, ஆனால் மானத்தைக் குத்தும் மையப் பகுதி நிற்க வேண்டும். வெஞ்சுரா மாதிரி ஒருவர் கோலாலம்பூரில் வழக்குப் போட்டிருந்தால், கைல் மாதிரி ஒருவர்தான் அந்தப் பேச்சை நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும்.

பெயர் சொல்லாவிட்டால் தப்பிக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. "பிரிக்பீல்ட்சில் அலுவலகம் வைத்திருக்கும், சமீபத்தில் டத்தோ பட்டம் வாங்கிய, தாடி வைத்த ஒருவர்" என்றால் கேட்பவருக்கு யார் என்று புரிகிறது. சட்டத்துக்கு அது போதும். புத்தகத்தில் பட்டப்பெயரை வைத்துவிட்டு வானொலியில் பெயரைச் சொன்ன கைல் போல, பதிவில் மறைத்துக் கருத்துப் பகுதியில் "ஆமாம், அவர்தான்" என்று பதில் போடுபவர்கள் இரண்டையும் இணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். போலிப் பெயரில் எழுதினாலும், பக்கத்தை நடத்துபவரே வெளியிட்டவர் என்று சாட்சியச் சட்டம் 114ஏ பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது அவர் வேலை.

நானே அடித்தேன் என்று பெருமையாகச் சொல்பவருக்கு இன்னொரு ஆபத்து. சொன்னது பொய்யானால் அவதூறு. உண்மையானால் தன் வாயால் கொடுத்த ஒப்புதல். மலேசியாவில் குற்ற வழக்குக்குப் பொதுவான காலவரம்பு இல்லை, 6 வருடத்துக்கு முந்தைய அடிக்கும் இன்று குற்றம் சாட்டலாம். இறந்த நண்பனை இழிவாகப் பேசினான் என்பது வலிக்கும்தான், அந்தக் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அது கடுமையான, திடீர்த் தூண்டுதல் என்று 334ஆவது பிரிவில் தண்டனையைக் குறைக்குமே தவிர, அடித்ததைச் சரியாக்காது. வார்த்தைக்குப் பதிலாகக் கை ஓங்குவதைத் தற்காப்பு என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளாது.

வழக்குப் போடுபவருக்கு நடைமுறையில் இடறும் இடம் வார்த்தைகளே. அவதூறான சொற்களை அப்படியே மனுவில் எழுத வேண்டும். "என்னைப் பற்றிக் கேவலமாகப் பேசினார்" என்றால் நிற்காது. தமிழ்க் குரல் பதிவானால் முழுவதும் எழுத்தாக்கி, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போடு வைக்க வேண்டும். பதிவு அழிக்கப்படுவதற்கு முன், இணைய முகவரி, தேதி, பார்வை எண்ணிக்கை தெரியும்படி திரைப்பிடிப்பு எடுப்பது அதற்கும் முந்திய வேலை. கோரிக்கைத் தொகை 10 லட்சம் ரிங்கிட் வரை செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேல் உயர்நீதிமன்றம். தீபகற்பத்தில் காலவரம்பு 6 வருடம். ஜூரி முறை இங்கே 1995ல் ஒழிந்துவிட்டது, நீதிபதி ஒருவரே கேட்பார். காப்பீட்டைப் பற்றி வக்கீல் ஒரு வார்த்தை சொன்னதால் ஜூரியின் மனம் கெட்டது என்று மொத்தத் தீர்ப்பும் விழும் நிலை இங்கே வராது.

காலவரம்பு 6 வருடம் என்று இருந்துவிடவும் கூடாது. கைல் இறந்த பிறகும் வெஞ்சுராவின் வழக்கு நடந்ததே, அது இங்கே நடக்காது. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம் 8ஆவது பிரிவின்படி பெரும்பாலான வழக்குரிமைகள் ஒருவர் இறந்தபின் அவருடைய சொத்துக்கு எதிராகவோ சொத்தின் சார்பிலோ தொடரும். விலக்கு அளிக்கப்பட்ட சிலவற்றில் அவதூறு ஒன்று. தீர்ப்புக்கு முன் சொன்னவர் இறந்தால் அவர் மீதான வழக்கு அதோடு போயிற்று, சொல்லப்பட்டவர் இறந்தாலும் அப்படியே. அதனால் கதையை வெளியிட்ட பதிப்பகத்தையோ ஒலிபரப்பிய நிறுவனத்தையோ பாட்காஸ்ட் நடத்தியவரையோ முதல் மனுவிலேயே பிரதிவாதிகளாகச் சேர்ப்பது வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயங்களில் ஒன்று. வெஞ்சுரா பதிப்பகத்தின் மீது 2014 டிசம்பரில்தான் தனியாக வழக்குப் போட்டார், கைல் இறந்து ஏறக்குறைய 2 வருடம் கழித்து. இங்கே அவ்வளவு தாமதித்திருந்தால், இடைப்பட்ட காலத்தில் அவர் கையில் வழக்கே இருந்திருக்காது.